வசன உதவி

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சார். மூணு பேர் சீட்டு இது, நீங்க உங்க பையையும் சேத்து நாலு பேரா உக்காந்துக்கினு இருக்கீங்க. தப்பா நெனைக்காதீங்க, மனசுல பட்டத பட்டுனு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனா ஒண்ணு, கெட்ட வார்த்த மட்டும் என் வாய்ல வராது. முப்பத்தஞ்சு வருஷம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவன் நான். லைன்மேனா சேந்து போர்மேனா ரிட்டையர் ஆனேன். அரக்கோணத்துல கேளுங்க, விருகம்பாக்கத்துல கேளுங்க, தணிகாசலம் எப்படின்னு. தங்கமான மனுசன், வாய்ல ஒரு தப்பு வார்த்த வராதுன்னுவாங்க. அப்படிச் சொல்லாத பன்னாடை எவனாச்சும் இருந்தா என்கிட்ட கூட்டிக்கினு வாங்க.

ஆம்பூருக்குப் போறேன், பொண்ணு வீட்டுக்கு. என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா. இருக்கான்னா, போயிட்டா. நாளையோட மூணு வாரம் ஆவுது. கூட்டிக்கினு வரலாம்னு கெளம்பியிருக்கேன். வருவாளா மாட்டாளான்னு தெரியல. எல்லாம் ஒரு சினிமாவால வந்தது.

நீங்களும் பாத்திருப்பீங்க. இங்கிலீஷ் படம், தமிழ்ல பேசுதே. சாம்பல் கலர் கோட்டு, தலையில ஹெல்மெட்டு, முதுகுல இரும்பு றெக்கை. பறக்கத் தெரியாம பறந்து போயி ஊர்ல இருக்கிற கட்டடத்தையெல்லாம் இடிச்சிக்கினு, வில்லனைத் திட்டிக்கினே அடிப்பான். ஆங், அதேதான். சிரிக்கிறீங்க பாத்தீங்களா. பாத்தவன் எவனும் சிரிக்காம இல்ல. படக்கதைப் புஸ்தகத்துல வர்ற ஆளாம் அவன். படக்கதைன்னா சின்னப் பசங்க சமாச்சாரம்னுதான் நான் நெனைச்சிருந்தேன். இது வயசு வந்தவங்களுக்கு மட்டும்னு சர்ட்டிபிகேட் வாங்கின படக்கதை. இங்கிலீஷ்ல ஓட்டின தியேட்டர்ல ஈ ஓட்டினாங்க. தமிழ்ல ஓட்டின தியேட்டர்ல அஞ்சு வாரம், காலைல ஒம்பது மணி ஆட்டத்துக்குக் கூட இடமில்ல. பசங்கள உள்ள விடாத ஒரு படக்கதைப் படத்துக்கு இந்தக் கூட்டமான்னு பேப்பர்காரனே ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தான்.

எதுக்கு சார் ஓடிச்சு? சண்டைக்கா? றெக்கைக்கா? வசனத்துக்கு சார். அந்த வசனம் யாருது? இதோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவனுது. சந்தேகமா பாக்காதீங்க. மொதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க.

எங்க வீட்டு மாடியில ரோஸ்லின்னு ஒரு பொண்ணு குடியிருக்குது. தூத்துக்குடிப் பக்கம். டப்பிங் படத்துக்கு வசனம் எழுதற வேலை. ரொம்ப அமைதி. எதிர்ல வந்தா "வணக்கம் அங்கிள்"னு செவுத்தோட ஒட்டிக்கினு போவும். அதுவரைக்கும் பொம்மைப் படத்துக்கு எழுதிக்கினு இருந்துது, முயல் பேசறது, கரடி பேசறது, அந்த மாதிரி. அதுகிட்ட வந்து மாட்டுச்சு இந்தப் படம். இதுக்கு முன்னாடி வந்த பாகத்துல "அடப் பாதகா, உன்னை ஒழிக்காமல் விடமாட்டேன்"னு பேச வெச்சாங்களாம். ரெண்டே நாள்ல பொட்டி திரும்பிப் போச்சாம். அதனால இந்தத் தடவை வீட்டுல, தெருவுல திட்டற மாதிரி இருக்கணும், சூடு இருக்கணும், சிரிப்பும் வரணும்னு கம்பெனில கறாரா சொல்லிட்டாங்க. பாவம், அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்ச பெரிய திட்டே லூசுதான்.

ஒரு நாள் தயிருக்கு உறை வாங்க கீழ வந்து என் வீட்டுக்காரிகிட்ட நின்னுக்கினு இருந்துது. நான் அப்பதான் குளிக்கப் போறேன், கொழாய்ல தண்ணி வரல. மோட்டார் போட மறந்துட்டா இவ. ரெண்டு வார்த்த சொன்னேன். திட்டல சார், சொன்னேன். "நியூட்ரல் அந்து போன ஜென்மமே, டேங்க்ல தண்ணி இல்லன்னா உன் கண்ணீரையா புடிச்சி குளிக்கறது?"ன்னேன். அவ்ளோதான். நியூட்ரல்னா கரண்ட்டு திரும்பிப் போற ஒயரு. அது அந்துச்சின்னா வீட்டுல இருக்கிற பல்பு, டிவி எல்லாம் எகிறிடும். தொழில் பேச்சு சார் அது. மத்தவன் மாதிரி அம்மா ஆத்தான்னு இழுக்கமாட்டேன், என் பேச்செல்லாம் டீசன்ட்டு. அந்தப் பொண்ணு கிண்ணத்தைப் புடிச்சிக்கினு அப்படியே நிக்குது. பயந்துடுச்சின்னு நெனைச்சி, உன்ன இல்லம்மா, இந்தத் தண்டத்தத்தான் சொன்னேன்னு தைரியம் குடுத்தேன்.

அதோட மறந்துட்டேன். அஞ்சாறு மாசம் போச்சு. திடீர்னு ஒரு நாள் அந்தப் பொண்ணு ரெண்டு டிக்கெட்டைக் கொண்டாந்து இவ கையில குடுக்குது. எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்துது, வீட்டு ஓனருக்கு மரியாதை பண்ணுதுன்னு. இவளுக்குச் சினிமா ஆசையே கெடையாது சார். கல்யாணமாகி முப்பத்து மூணு வருஷத்துல அவளா ஒரு படம் கேட்டதில்ல. கேட்டிருந்தாலும் நான் கூட்டிக்கினு போயிருக்கமாட்டேன்னு வெச்சிக்கங்க. அன்னிக்குப் பாத்தா மத்தியானமே குளிச்சி, அரக்கு கலர்ல பட்டுப் புடவை கட்டிக்கினு, பூ வெச்சிக்கினு ரெடியா நிக்கிறா. சண்டைப் படத்துக்குப் பட்டுப் புடவை ஒரு கேடான்னு கேட்டேன். தலையில பூவ சரி பண்ணிக்கினு செருப்பு மாட்டிக்கினா.

தியேட்டர் வாசல்ல ஒரு தகராறு. ஒருத்தன் ரெண்டு பசங்கள கூட்டிக்கினு வந்திருக்கான். சின்னதுக்கு அட்டையில றெக்கை வேற செஞ்சி முதுகுல கட்டியிருக்கான். பதினெட்டு வயசு ஆவாதவங்கள விட முடியாதுன்னு கேட்டுல இருக்கிறவர் தன்மையா சொல்றாரு. இவன் விடுங்க சார், விடுங்க சார்னு கெஞ்சறான். எனக்குப் பொறுக்கல. நானே குறுக்க பூந்தேன். "உருப்படாதவனே, உனக்கு அறிவு இருக்குதா? பச்சப் புள்ளைங்க காதுல விழற பேச்சாடா இது? பெத்தா மட்டும் போதுமா?"ன்னு கேட்டேன். அந்த ஆளு தலையைத் தொங்கப் போட்டுக்கினு போயிட்டான். கேட்டுக்காரர் எனக்குக் கும்பிடு போட்டாரு. இவ மட்டும் என்னை ஒரு மாதிரி பாத்தா. நல்லது சொன்னா இவளுக்கு எப்பவுமே புடிக்காது.

படம் ஆரம்பிச்சுது. பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஹீரோ ஒரு கூரையைப் பொத்துக்கினு உள்ள விழறான். அங்க வாட்ச்மேன் ஒருத்தன் வாயப் பொளந்துக்கினு நிக்கிறான். ஹீரோ எழுந்து தூசி தட்டிக்கினு சொல்றான், டிரான்ஸ்பார்மர்ல அடிபட்ட காக்கா மாதிரி இன்னாடா முழிக்கிறன்னு. தியேட்டரே அலறுது சார். நானும் சிரிச்சேன். சிரிச்சிக்கினு இருக்கும்போதே மண்டையில ஒறைக்குது, ஏய், இது நான் சொல்றதாச்சே. இவள இடிச்சேன், அது என் பேச்சுடின்னு. படத்தைப் பாருங்கன்னா.

ரெண்டு நிமிஷத்துல அடுத்தது. எர்த் குடுக்காத மண்டைடா உனக்கு, எங்க தொட்டாலும் ஷாக் அடிக்குதுன்றான். அதுவும் நான். அப்புறம் நியூட்ரல் அந்து போன ஜென்மமேன்றான். விசில் பறக்குது. எனக்குத் தாங்கல. எழுந்து நின்னு, அது என்னோட வசனம்யா, நான் தணிகாசலம், கரண்ட் ஆபீஸ்னு சொன்னேன். பின்னாடிலேர்ந்து எவனோ, பெருசு உக்காரு, மறைக்குதுன்னான். உக்காந்தேன். ஆனா நெஞ்சு இவ்ளோ பெரிசாயிடுச்சு சார். மாடிப்படியில நின்னு ஒட்டுக் கேட்டு எழுதியிருக்குது அந்தப் பொண்ணு, கெட்டிக்காரின்னு நெனைச்சிக்கினேன். இன்டர்வெல்ல பாப்கார்ன் வாங்க நின்னவன் எல்லாருகிட்டயும் சொன்னேன். ஒருத்தன் நம்பி செல்பி எடுத்துக்கினான். இவ ஒரு ஓரமா நின்னு முட்டை பப்ஸ் தின்னுக்கினு இருந்தா.

இன்டர்வெல் முடிஞ்சப்புறம்தான் சார் வந்தது வம்பு. வில்லன் புதுசா கையுறை மாட்டிக்கினு, கத்தியைத் தூக்கிக்கினு வர்றான். வீசறான், கத்தி கைநழுவிப் போயி செவுத்துல குத்துது. ஹீரோ கையைக் கட்டிக்கினு நிதானமா சொல்றான், கத்தி புடிக்கத் தெரியாத கைக்குக் கையுறை ஒரு கேடான்னு. மொத்த ஜனமும் எழுந்து நின்னு கை தட்டுது. நானும் தட்டினேன். தட்டின கை அப்படியே நின்னுபோச்சு.

அது நான் அரக்கோணம் குவார்ட்டர்ஸ்ல சொன்னது சார். கல்யாணமான ரெண்டாவது மாசம். சாம்பார்ல உப்பு இல்ல. புதுசா செவப்பு வளையல் போட்டுக்கினு இருந்தா. உப்பு போடத் தெரியாத கைக்கு வளையல் ஒரு கேடான்னு கேட்டேன். அடுப்படியில நானும் அவளும் மட்டும்தான். அந்த ரோஸ்லின் அப்ப பொறக்கவே இல்ல.

அப்புறம் வரிசையா வருது. உன்ன உங்க அப்பன் பெத்தானா, ஏலத்துல எடுத்தானான்னு ஒண்ணு. அது எங்க பொண்ணுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு, இவ அப்பன் எதிர்லயே கேட்டது. தமாஷுக்குக் கேட்டேன் சார், பெரியவரும் சிரிச்சாரு. சிரிச்சாருன்னுதான் ஞாபகம். நான் மெதுவா திரும்பி இவளப் பாத்தேன். திரையில ஹீரோ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே இவ உதடு அசையுது. ஒவ்வொரு வசனத்துக்கும் அசையுது. ஒண்ணு கூட தப்பல.

படம் முடிஞ்சி ஜனம் பூரா வெளிய போயிடுச்சி. இவ எழுந்திருக்கமாட்டேன்றா. கடைசியில பேரு ஓடுதே, எவனும் பாக்கமாட்டானே, அதுக்காக உக்காந்திருக்கா. தமிழ் வசன உதவின்னு போட்டு, அவ பேரு. நல்லா கொட்டை எழுத்துல. அதுக்குப் பின்னாடி வால் மாதிரி என் பேரு ஒட்டிக்கினு இருக்குது, புருசன்ற முறையில. போனை எடுத்து போட்டோ புடிச்சா. ரெண்டு தடவை மங்கலாயிடுச்சு, மூணாவது தடவைக்குள்ள பேரு மேல போயிடுச்சு. சொல்றதுக்கு இன்னா, எனக்கு வயிறு எரிஞ்சுது சார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறைக்கல. நான் மத்தியானம் பென்சனர் சங்கத்துக்குப் போற நேரத்துல அந்தப் பொண்ணு கீழ வருமாம். இவ வெங்காயம் உரிச்சிக்கினே சொல்லுவாளாம். எந்த வருஷம், இன்னா கொழம்பு, கூட யார் யார் இருந்தாங்க, நான் இன்னா சொன்னேன், எல்லாம். மொத ரெண்டு நாள் அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுதாம். அப்புறம் சிரிக்காம எழுத மட்டும் செஞ்சுதாம். இத சொல்லும்போது இவ ரொம்ப அமைதியா சொன்னா. எனக்கு அதுவா முக்கியம்? வார்த்தைய கண்டுபுடிச்சவன் நான், பேரு இவளுக்கா? நீங்களே நியாயம் சொல்லுங்க. முப்பத்து மூணு வருஷம் வாய் வலிக்க பேசினது யாரு? இவ சும்மா எதிர்ல நின்னா. அவ்ளோதானே?

விடல நான். நேரா அந்த ஸ்டூடியோவுக்கே போயிட்டேன். மேனேஜர் மரியாதையான ஆளு. உக்கார வெச்சி எல்லாத்தையும் கேட்டாரு. அடுத்த பாகம் வரப் போவுது சார், நீங்களே வந்து பேசிக் குடுங்க, உங்க பேரையும் போட்டுடலாம்னாரு. ஒரு கண்ணாடி ரூம்ல உட்டு, காதுல மாட்டிவிட்டு, மைக்கு முன்னால நிக்க வெச்சாங்க. எதிர்ல திரையில வில்லன் நிக்கிறான். திட்டுங்க சார்னாங்க.

வரல சார்.

சத்தியமா சொல்றேன், ஒண்ணுகூட வரல. அடேய், நீ வந்து, அப்படின்றேன், அதோட நிக்குது. ஏசியில வேர்க்குது எனக்கு. டீ குடுத்தாங்க, குடிச்சேன். திரும்பி நின்னேன். வில்லன் மூஞ்சியப் பாத்தா அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கால் மணி நேரம் ஆயிடுச்சு. மேனேஜர் வெளியிலேர்ந்து, டென்ஷன் ஆவாதீங்க, வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க, உங்களுக்கு இன்னா வேணும் சொல்லுங்கன்னாரு. நான் உள்ளத சொன்னேன்.

"எதிர்ல என் வீட்டுக்காரி நிக்கணும் சார். அவளப் பாத்தாத்தான் வரும்."

கண்ணாடிக்கு அந்தாண்ட மூணு பேர் இருந்தாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினாங்க. மெஷின் கிட்ட இருந்த பொண்ணு காதுல மாட்டியிருந்தத கழட்டி வெச்சிட்டு எழுந்து போயிடுச்சு. அதுக்கு இன்னா அவசரமோ. மேனேஜர், பரவால்ல சார், நீங்க போயிட்டு வாங்கன்னாரு. போயிட்டு வாங்கன்னா இன்னா அர்த்தம்? போயி கூட்டிக்கினு வாங்கன்னுதான் நான் எடுத்துக்கினேன்.

வீட்டுக்கு ஓடினேன். பீன்ஸ் நறுக்கிக்கினு இருந்தா. நல்ல மாதிரியாத்தான் சார் சொன்னேன். நாளைக்கு ஸ்டூடியோவுக்கு என்கூட வா, நீ ஒண்ணும் செய்ய வேணாம், மைக்குக்கு எதிர்ல சும்மா நில்லு, நான் உன்னைப் பாத்து பேசிடறேன், ரெண்டு மணி நேரம், ஏசி ரூம்பு, நீ இத்தினி வருஷமா செஞ்ச வேலைதானேன்னு. பீன்ஸ ஓரமா வெச்சா. கை கழுவினா. உள்ள போயி ஒரு பையை எடுத்துக்கினு வந்தா. ரெண்டு நாளைக்கு மாவு பிரிட்ஜ்ல இருக்குதுன்னு சொல்லிட்டு செருப்பு மாட்டிக்கினா. போயிட்டா சார். சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்த திருப்பிப் பேசியிருப்பேன்.

மாவு ரெண்டு நாள்ல தீந்துபோச்சு. அத விடுங்க, ஓட்டல்ல சாப்பிடலாம். வீடுதான் சார் ஒரு மாதிரி இருக்குது. காலைல எழுந்து கொழாயைத் தொறந்தா தண்ணி வரல. மோட்டார் போடல. யாரு போடல? நான்தான் போடல. ஹால்ல நின்னுக்கினு வாயத் தொறக்கறேன், கேக்கறதுக்கு ஆளு இல்ல. மாடிப் பொண்ணும் இப்பல்லாம் என்னைப் பாத்தா வணக்கம் வெக்கிறதில்ல. இவளுக்குத் தெனமும் போன் போட்டேன். எடுக்கறதே இல்ல.

நேத்து என் பொண்ணு பேசுச்சு. நித்யகலான்னு பேரு, ஸ்கூல்ல டீச்சர். கோவமே படல. கோவப்பட்டிருந்தா நான் பதிலுக்குக் கோவப்பட்டிருப்பேன்.

"அப்பா, தியேட்டர் வாசல்ல யாரையோ சத்தம் போட்டீங்களாமே, பசங்க காதுல விழக்கூடாத பேச்சுன்னு?"

ஆமா, தப்பா ஒண்ணும் சொல்லலியே, கவர்மென்ட்டே சர்ட்டிபிகேட் குடுத்திருக்குதேன்னேன்.

"நீங்க அம்மாவ அப்படிப் பேசறத மொதல்ல கேட்டப்ப எனக்கு மூணு வயசுப்பா. என்னை எந்த கேட்டுல யாரு நிறுத்தினாங்க?"

சிக்னல் சரியில்லன்னு சொல்லி கட் பண்ணிட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துது சார். அப்படியே படியில உக்காந்துட்டேன்.

அப்புறம் அதுவே திரும்பக் கூப்பிட்டுச்சு. வாங்கன்னுச்சு. இங்க பாப்பாவுக்கு நாலு வயசு ஆவுது, அது எதிர்ல உங்க வாய்லேர்ந்து அதுல ஒண்ணு வந்தாலும், அம்மா என்னிக்கும் அந்த வீட்டுக்கு வரமாட்டாங்க, நானும் அனுப்பமாட்டேன்னுச்சு. அவ்ளோதான் பேச்சு. பஸ் ஸ்டாப்புக்கு வந்து நானே கூட்டிக்கினு போறேன்னுச்சு. அதான் சார், ராத்திரி பூரா தூக்கமில்ல. அங்க தங்கற ரெண்டு நாள் வாயக் கட்டணும். ரெண்டு நாளா, அதுக்கப்புறமுமா? அவ வந்துட்டா அதுக்கப்புறமும்தானே.

நீங்க ஒரு ஒதவி பண்ணுங்க. கொஞ்ச நேரம் என் வீட்டுக்காரியா இருங்க. சும்மா என் பக்கம் திரும்பி உக்காந்தா போதும், ஒண்ணும் பேச வேணாம், அவளும் பேசமாட்டா. நான் நல்லதா நாலு வார்த்த சொல்லிப் பாக்கறேன். ம். வந்து. இன்னான்னா. சரி, எப்படி ஆரம்பிக்கறது? நீங்க உங்க வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க? பேர் சொல்லியா? நான் கூப்பிட்டதில்ல சார். ஏய்னுதான், இல்லாட்டி அன்னிக்கு வாய்ல வந்த ஏதாச்சும். ஊர்க்காரங்களுக்கு அவ பேர் தெரியுது, திரையில கொட்டை எழுத்துல ஓடிச்சு, என் வாய்க்கு வரல. மத்ததெல்லாம் இதோ வரிசையில நிக்குது, எதை வேணும்னாலும் கேளுங்க.

இன்னா, எல்லாம் எறங்கறாங்க? இதான் ஆம்பூரா? சொல்லக் கூடாதா நீங்க? இல்ல, நீங்க இன்னா பண்ணுவீங்க, நான் எங்க உங்கள பேச விட்டேன். பையைக் கொஞ்சம் எடுங்க. அதோ. சார், அதோ பாருங்க, டீக்கடை ஓரமா, பச்சைப் புடவை. பொண்ணு வரேன்னு சொல்லிச்சு, இவளே வந்திருக்கா சார். பாப்பாவையும் தூக்கிக்கினு வந்திருக்கா. அது கை ஆட்டுது பாருங்க. ஐயோ, விசில் குடுத்துட்டான். வண்டி நகருது. எறங்கறதுக்குள்ள எடுக்கறான் பாருங்க இந்த... இந்த...

இல்ல. இல்ல சார். ஜன்னல் தொறந்திருக்குது. நீங்க சொல்லுங்க சார், நிறுத்தச் சொல்லி நீங்க சொல்லுங்க. நான் வாயத் தொறந்தா வேற மாதிரி வந்துடும். ஏன் சார் என்னையே பாக்கறீங்க?

சரி. சரி, நானே சொல்றேன்.

கண்டக்டர் சார். கொஞ்சம் நிறுத்துங்க சார். ஒரு ஆள் எறங்கணும். அங்க வேதவல்லி நிக்கிறாங்க.